'டெஃபனிட்லி' விற்பவர்கள்

பென்னலூர் நிறுத்தத்தில் இறங்கி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரிப் பக்கம் நடந்தவர்கள் அந்தத் தாள்களைப் பார்த்திருப்பார்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையோரத்து மின்கம்பங்களிலும், கம்பெனிப் பேருந்துக்காக ஆட்கள் காத்து நிற்கும் தேநீர்க்கடைச் சுவர்களிலும், சில வாரங்களில் சரளமான ஆங்கிலம் என்று வாக்களித்து ஒட்டப்பட்டிருக்கும் தாள்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி ஒரகடம் வரை நீண்டுவிட்ட இந்தத் தொழிற்சாலைப் பட்டையில் காரும் செல்பேசியும் மட்டுமல்ல, ஆங்கிலமும் ஒரு சரக்குதான். அதில் எங்களுக்கு மறுப்பு ஏதுமில்லை. திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வேலை தேடி வந்து அறைக்கு ஆறு பேராகத் தங்கியிருக்கும் பிள்ளைகள் ஆங்கிலம் கற்கட்டும், நன்றாகக் கற்கட்டும். மொழிப்பற்றின் பெயரால் அவர்களைத் தடுத்து நிறுத்தும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர் நாங்கள். எங்கள் சண்டை அந்தச் சரக்கின் தரத்தைப் பற்றியது.

எங்களில் ஒருவரின் அக்காள் மகன் டிப்ளமோ முடித்துவிட்டு இந்தப் பக்கத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு சென்று கடைசி வரிசையில் அமர்ந்து கேட்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. வகுப்பின் பெயரும் ஆசிரியரின் பெயரும் இங்கே வேண்டியதில்லை. நல்ல மனிதர், உழைப்பாளி, தொண்டை வற்றப் பேசினார். அன்றைய பாடம் நேர்முகத் தேர்வு. "மேபி, பெர்ஹாப்ஸ், ஐ திங்க்: இந்த மூணும் உங்க வாயில வரவே கூடாது. ப்ராபப்ளின்னு சொன்னீங்கன்னா வேலை போச்சுன்னு அர்த்தம். அவங்க எது கேட்டாலும் ஒரே வார்த்தைதான். என்ன வார்த்தை?" என்றார். நாற்பது குரல்கள் ஒன்றாக எழுந்தன: "டெஃபனிட்லி சார்!" போதாது என்று மூன்று முறை சொல்லவைத்தார். மூன்றாம் முறை சுவரில் சாய்த்து வைத்திருந்த பலகை அதிர்ந்தது.

தெரியாததைத் தெரியும் என்று சொல்லப் பழக்குவதற்குக் கட்டணம் வாங்கும் தொழில் வேறேதும் இருக்கிறதா என்று அன்று பேருந்தில் திரும்பும்போது யோசித்தோம். ஜோதிடம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஆனால் ஜோதிடர்கூட 'கிரகநிலை அப்படிக் காட்டுகிறது' என்று ஒரு வாசலைத் திறந்து வைத்துக்கொள்கிறார்.

*

வகுப்பில் தந்த நகல் தாளைப் பிறகு நிதானமாகப் படித்தோம். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ். மேபி: ஒருவேளை. ப்ராபப்ளி: அநேகமாக. மோஸ்ட்லி: பெரும்பாலும். ஷ்யூர்லி: நிச்சயமாக. டெஃபனிட்லி: கண்டிப்பாக. இப்படி ஒரு பக்கம் முழுவதும். பள்ளிக்கூட நாள் முதல் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த பட்டியல்தான் இது. மேலோட்டமாகப் பார்த்தால் குற்றம் ஒன்றும் தெரியாது. உள்ளே இறங்கினால் ஒவ்வொரு வரியிலும் ஒரு பள்ளம்.

'ஒருவேளை'யை எடுத்துக்கொள்வோம். தமிழில் இந்தச் சொல் மிக இயல்பாகப் போய் உட்காருவது 'ஆல்' விகுதியின் பக்கத்தில். 'ஒருவேளை அவர் வந்தால் சாவியைக் கொடுத்துவிடு.' இங்கே ஒருவேளை என்பது அவர் வரவு எத்தனை சாத்தியம் என்பதைக் கணிக்கவில்லை; அப்படி ஒன்று நேர்ந்தால் என்று ஒரு நிலையைக் கற்பித்துக்கொள்ள மட்டுமே உதவுகிறது. ஆங்கிலத்தின் 'மேபி' அந்த இடத்தில் அமராது. 'இஃப்' என்று தொடங்கும் வாக்கியத்துக்குள் 'மேபி'யைச் செருகிப் பேசும் நம் பிள்ளைகளைப் பார்த்து நேர்முகத் தேர்வாளர் புருவத்தை உயர்த்தும்போது, பிழை பிள்ளையுடையதன்று, அந்தப் பட்டியலுடையது.

'பெரும்பாலும்' இன்னும் பெரிய பள்ளம். பத்தில் எட்டு நாள் என்பதற்கும் நாங்கள் இதைச் சொல்கிறோம், நாளைக்கு ஒரே ஒரு முறை நடக்கவிருப்பதற்கும் இதையே சொல்கிறோம். 'பெரும்பாலும் காலையில் தோசைதான்' என்றால் எண்ணிக்கை. 'பெரும்பாலும் நாளைக்கு வந்துவிடுவேன்' என்றால் கணிப்பு. ஆங்கிலத்தில் 'மோஸ்ட்லி' எண்ணிக்கைக்கு மட்டும். அதனால்தான் இந்திய அலுவலகங்கள் எங்கும் 'மோஸ்ட்லி ஐ வில் கம் டுமாரோ' என்ற வாக்கியம் ஒலிக்கிறது; கேட்கும் வெள்ளைக்காரர், ஒரே ஒரு நாளைக்கு ஒருவர் எப்படிப் பெருமளவுக்கு வருவார், காலைவரை வருவாரா என்று குழம்புகிறார். நம்மவர் மனத்தில் இருந்தது தெளிவான 'ப்ராபப்ளி'.

'ஷ்யூர்லி' மோசடியிலும் மோசடி. உருவத்தைப் பார்த்தால் உறுதி. உள்ளே பார்த்தால் பதற்றம். ஆங்கிலேயர் வாக்கியத்தின் தொடக்கத்தில் இதைப் போட்டுப் பேசும்போது, தான் சொல்வதை எதிராளி ஒத்துக்கொள்ள வேண்டுமே என்ற தவிப்பு அதில் இருக்கும். அதற்கு நேரான தமிழ் 'நிச்சயமாக வருவான்' அன்று, 'வராமலா போய்விடுவான்?' என்பதுதான். இந்தக் கேள்வியைக் கேட்பவருக்கு அவன் வந்துவிடுவான் என்று முழு நம்பிக்கை இருந்தால் கேட்டே இருக்கமாட்டார்.

வேர்களையும் சற்றுப் பார்க்கலாம். 'அநேகம்' என்பது வடமொழியில் ஒன்றல்லாதது, பல. 'ப்ராபப்ளி'யின் லத்தீன் மூலத்துக்கு ஒப்பத்தக்கது, நிறுவத்தக்கது என்று பொருள். நம் சொல் தடவைகளை எண்ணுகிறது. அவர்கள் சொல் சான்றை நிறுக்கிறது. 'மேபி'யோ பிறவியில் வினையடையே அன்று. 'இருக்கலாம்' என்னும் பொருள் தரும் இரண்டு வினைகள் நாளடைவில் ஒட்டி இறுகி ஒரே சொல்லானவை. அதாவது, ஆங்கிலமும் ஒரு காலத்தில் தன் ஐயத்தை வினைக்குள் வைத்திருந்த மொழிதான்.

நாங்கள் சொல்ல வந்த முதல் செய்தி இதுதான். தமிழ் ஐயத்தைத் தனிச்சொல்லில் சுமப்பதில்லை. வினையின் வாலில் சுமக்கிறது. ஒருவர் வந்தாரா என்று கேட்டால் நாம் சொல்லக்கூடிய விடைகளைப் பாருங்கள். வந்திருப்பார். வந்திருக்கலாம். வந்திருக்கக்கூடும். வந்திருக்க வேண்டும். வந்தார் போலிருக்கிறது. வந்தாலும் வந்திருப்பார். 'வந்திருப்பார்' என்பதில் வடிவம் எதிர்காலத்துக்குரியது, நிகழ்ச்சி இறந்தகாலத்துக்குரியது. அந்த முரணிலிருந்தே 'நான் பார்க்கவில்லை, ஆனால் ஊகிக்கிறேன்' என்ற பொருள் பிறக்கிறது. (இந்தக் கட்டுரையின் முதல் வாக்கியத்தையே பாருங்கள். 'பார்த்திருப்பார்கள்' என்று எழுதினோம்; 'பார்த்தார்கள்' என்று எழுத எங்களுக்கு உரிமையில்லை. பேனா தானாகவே அந்த வடிவத்தைத் தேர்ந்துகொண்டது.) 'வந்தார் போலிருக்கிறது' என்பவரிடம் ஏதோ ஒரு தடயம் இருக்கிறது, வாசலில் செருப்பைப் பார்த்திருக்கிறார். 'வந்தாலும் வருவார்' என்பவரோ பத்தில் ஒரு பங்குகூடத் தரமாட்டார், ஆனால் கதவைத் தாழிடவும் மாட்டார். நெல்லைக்காரர் 'வந்திருப்பாராக்கும்' என்பார். யாழ்ப்பாணத்தவர் 'வந்திட்டார் போலக் கிடக்கு' என்பார். இத்தனைக்கும் ஒரு வினையடைகூடத் தேவைப்படவில்லை.

இது நேற்று முளைத்த நாகரிகமுமன்று. தொல்காப்பியம் 'கொல்' என்னும் இடைச்சொல்லை ஐயத்துக்கென்றே ஒதுக்குகிறது. 'மன்ற' என்பதைத் தேற்றத்துக்கு ஒதுக்குகிறது. 'உம்'மையின் எட்டுப் பொருள்களில் ஐயம் ஒன்று. அதோடு விடாமல், மங்கிய மாலையில் தொலைவில் தெரிவது கட்டையா ஆளா என்று விளங்காதபோதும், ஆள்தான் ஆனால் ஆணா பெண்ணா என்று விளங்காதபோதும் எந்தச் சொல்லால் பேசுவது என்று கிளவியாக்கத்தில் விதியும் வகுக்கிறது. தெரியாமையை இலக்கணப் பிழையாகப் பார்க்காமல், முறையாகச் சொல்ல வேண்டிய ஒரு செய்தியாகப் பார்த்த மரபு அது. குறளில் காமத்துப்பாலின் முதல் பாட்டில் மட்டும் 'கொல்' மூன்று முறை வருகிறது. முன்னே நிற்பவள் யார் என்று தெரியாத திகைப்புதான் அங்கே காதலின் தொடக்கம். நமது பயிற்சியாளர் அந்தத் தலைவனைப் பார்த்திருந்தால், 'தம்பி, கான்ஃபிடன்ஸ் பத்தலை' என்று சொல்லியிருப்பார்.

*

இதெல்லாம் பண்டித விவகாரம், ஆலைக்குள் என்ன வந்தது என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஆலைக்குள்ளேயே போவோம்.

மாலை நான்கு மணி. அடுத்த ஷிஃப்ட் வருவதற்குள் ஒரு தொகுதி முடிய வேண்டும். மேலாளர் வந்து 'வில் இட் பி ரெடி பை சிக்ஸ்?' என்கிறார். லைனில் நிற்கும் பையனுக்கு நிலவரம் தெரியும். ஒரு இயந்திரம் காலையிலிருந்து முரண்டு பிடிக்கிறது. இன்னொரு முறை நிற்காவிட்டால் முடிந்துவிடும், நின்றால் ஏழரை ஆகும். பக்கத்தில் நிற்கும் தமிழ் சூப்பர்வைசர் கேட்டிருந்தால், "முடிஞ்சிரும்ணே, அந்த மிஷின் மறுபடி மக்கர் பண்ணலேன்னா" என்றிருப்பான். ஒரே மூச்சில் கணிப்பும் அதன் நிபந்தனையும் வந்துவிட்டன. ஆங்கிலத்தில் அவனுக்குக் கொடுத்து அனுப்பிய சொல் ஒன்றே ஒன்று. "டெஃபனிட்லி சார்." ஆறு மணிக்குச் சரக்கு இல்லை. அன்று மாலை எழுதப்படும் குறிப்பில் மக்கர் செய்த இயந்திரம் வராது. பொய் சொன்ன ஆள் வருவான்.

இதில் கேலிக்கூத்து என்னவென்றால், இந்தப் பட்டையில் கேட்பவரும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பிறந்தவர் அல்லர். கொரியர், ஜப்பானியர். அவர்களுடைய மொழிகளும் தமிழைப்போலவே வினையில் முடிபவை. ஐயத்தை வாலில் கட்டுபவை. ஜப்பானியர் வாக்கியம் முடிந்தபின் 'தெஷோ' என்றால் 'இருக்கும்' என்ற ஊகம். 'கா மோ ஷிரெனாய்' என்றால், சொல்லுக்குச் சொல் பார்த்தால், அப்படியோ என்று அறிய முடியாது என்பது, அதாவது நம் 'இருக்கலாம்'. கொரியரின் 'கொத் கத்தாயோ'வில் உள்ள 'கத்' என்பது 'போல்' என்னும் பொருளுடையது. நம் 'போலிருக்கிறது' அப்படியே அங்கே நிற்கிறது. வாலில் இத்தனை நுட்பம் வைத்திருக்கும் இரண்டு மனிதர்கள் எதிரெதிரே நின்று, இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழியில், இருவரும் வாலை வெட்டிவிட்டுப் பேசிக்கொள்கிறார்கள். (கொரிய மொழியில் 'அமா' என்றொரு சொல் உண்டு. 'அநேகமாக' என்று பொருள். தமிழ்க் காதில் அது 'ஆமா' என்று விழுந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை.)

இன்னொன்று. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்த பையனிடம் ஓர் அச்சின் விட்டம் 10 மில்லிமீட்டர் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்; எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று திருப்பிக் கேட்பான். வரைபடத்தில் 10-க்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் 0.05 என்று இல்லாவிட்டால் அது அரைகுறை வரைபடம் என்பது அவனுக்கு முதல் ஆண்டிலேயே சொல்லித்தந்த பாடம். ஜப்பானிய உற்பத்தி முறையில் ஐயம் வந்த தொழிலாளி இழுப்பதற்கென்றே கயிறு கட்டியிருப்பார்கள். இழுத்தால் விளக்கு எரியும், தேவைப்பட்டால் லைனே நிற்கும். ஐயத்தை மறைப்பதுதான் அங்கே குற்றம். உலோகத்தில் வழுவலுக்கு இடம் கொடுத்தவர்கள், சந்தேகத்துக்குக் கயிறு கட்டியவர்கள், இவர்களுடைய ஆலைக்கு ஆள் தயாரிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டுதான் நெடுஞ்சாலையோர வகுப்புகள் பிள்ளைகளின் பேச்சிலிருந்து கூட்டல் கழித்தலைத் துடைத்தெடுக்கின்றன.

*

'தன்னம்பிக்கை' என்று பதில் வரும். தயங்கிப் பேசுபவன் பலவீனன் என்பது இந்த வகுப்புகளின் வேதவாக்கு. இந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ராபின் லேக்காஃப் 1975-இல் வெளியிட்ட தம் நூலில், 'இருக்கலாம்', 'என்று நினைக்கிறேன்' போன்ற தளர்த்துச் சொற்கள் பெண்களின் பேச்சில் மிகுதி என்றும், அவை அதிகாரமின்மையின் அடையாளம் என்றும் வாதிட்டார். அவர் செய்தது ஒரு சமூக விமர்சனம். ஓபாரும் அட்கின்ஸும் அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவில் நீதிமன்றச் சாட்சிகளின் பேச்சைக் கவனித்து 1980-இல் எழுதிய கட்டுரையில், இதற்குப் பால் வேறுபாடு அடிப்படையன்று, சமூகத்தில் ஒருவர் நிற்கும் படிநிலையே அடிப்படை என்று காட்டினார்கள். ஆய்வாளர்கள் சொன்னது, கீழ்ப்படியில் நிறுத்தப்பட்டவர்கள் தயங்குகிறார்கள் என்று. அதை நம்மூர் வகுப்பறை தலைகீழாக்கிக்கொண்டது: தயக்கத்தை விட்டுவிட்டால் படி உயர்ந்துவிடுமாம்! காய்ச்சல்காரன் வெப்பமானியை உதறிக் கீழே இறக்குவது போன்ற வைத்தியம்.

உறுதிச் சொல் உண்மையிலேயே உறுதியைக் கூட்டுகிறதா? 'அவர் ஊரில் இருக்கிறார்' என்பதையும் 'அவர் நிச்சயமாக ஊரில் இருக்கிறார்' என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாமவர் பார்த்துவிட்டு வந்தவர். இரண்டாமவர் பார்க்காதவர். உறுதி இல்லாதபோதுதான் உறுதி என்று சொல்கிறோம் என்பதை மொழியியலறிஞர் ஹாலிடே ஆங்கிலத்துக்குச் சொன்னார். தமிழுக்கும் அது பொருந்தும். கல்யாணப் பத்திரிகை வாங்கிக்கொண்டு "கண்டிப்பா வந்துடறோம்" என்பவர்களில் எத்தனை பேர் பந்தியில் தெரிகிறார்கள் என்பது பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும். "பார்க்கலாம்" என்றால் இல்லை என்று பொருள். "டவுட்டுதான்" என்றால் ஐயமே இல்லை, நடக்காது. இந்த மரபொழுக்கம் தமிழருக்குள் செலாவணியாகும், ஏனென்றால் தள்ளுபடி எவ்வளவு என்று இருபக்கமும் தெரியும். அதே 'கண்டிப்பா'வை 'டெஃபனிட்லி' என்று மாற்றிப் போட்டு, தள்ளுபடிக் கணக்குத் தெரியாத அந்நியரிடம் நீட்டும்போதுதான் விபரீதம். அவர் அதை முழுவிலைக்கு எடுத்துக்கொள்கிறார்.

ஆங்கிலத்தின் சொற்களாவது நிறுத்து அளந்தவையா என்றால், இல்லை. அமெரிக்க உளவுத்துறை 1951-இல் யூகோஸ்லாவியா மீது படையெடுப்பு நிகழுமா என்று ஓர் அறிக்கை தயாரித்தது. 'கடுமையான சாத்தியம்' உண்டு என்று அதில் எழுதினார்கள். அது எத்தனை விழுக்காடு என்று வெளியுறவுத் துறைக்காரர் ஒருவர் கேட்க, அறிக்கையைத் தயாரித்த குழுவைச் சேர்ந்த ஷெர்மன் கென்ட் 65-க்கு 35 என்றார். கேட்டவர் திடுக்கிட்டார், அவர் அதைவிட மிகக் குறைவாக நினைத்திருந்தார். கென்ட் திரும்பிப் போய்த் தம் குழுவினரையே விசாரித்தபோது, ஒரே வாக்கியத்தில் கையெழுத்திட்டவர்களின் மனத்தில் 20 முதல் 80 வரை எண்கள் இருந்தன. இதை அவர் 1964-இல் ஒரு கட்டுரையாக எழுதினார். தாய்மொழிக்காரர்கள், படித்தவர்கள், போரையும் அமைதியையும் பற்றிய ஒரு சொல்லில் இவ்வளவு இடைவெளி. நம்மூர் உதாரணமும் உண்டு. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவின் அறிக்கைகளில் 'லைக்லி' என்றால் 66 விழுக்காட்டுக்கு மேல். இந்திய வானிலைத் துறையின் அட்டவணையில் அதே 'லைக்லி' 25 முதல் 50 வரை. தமிழ் அறிவிப்புக்கு வரும்போதோ பெரும்பாலும் 'பெய்யக்கூடும்' என்ற ஒரே குடைக்குள் எல்லாம் ஒதுங்கிவிடுகின்றன. தூறலுக்கும் 'கூடும்'. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்ததைப் போன்ற மழைக்கும் 'கூடும்'. ஸ்ரீபெரும்புதூருக்கும் சென்னைக்கும் நடுவே கிடக்கும் செம்பரம்பாக்கம் ஏரியின் கரையில் குடியிருப்பவருக்கு இந்த இரண்டு 'கூடும்'களுக்கும் இடையிலுள்ள தூரம் உயிர்ப்பிரச்சினை.

ஆகவே நாங்கள் தமிழ் உயர்த்தி ஆங்கிலம் தாழ்த்தி என்று பேசவில்லை. இரண்டிலும் இந்தச் சொற்கள் வழுக்குப் பாறைகள். வழுக்கும் இடத்தில் எப்படிக் கால் வைப்பது என்று சொல்லித்தருவதுதான் கல்வி. பாறையே இல்லை என்று சாதிப்பதற்கு வேறு பெயர்.

*

இனி, எங்களை எழுதத் தூண்டிய காகிதத்துக்கு வருவோம். அந்தப் பையனுக்கு வேலை கிடைத்தது. நிரந்தரம் அன்று, பயிற்சியாளர் என்ற பெயரில், குறிப்பிட்ட காலத்துக்கு. நிறுவனத்தின் பெயரும் வேண்டியதில்லை, ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் இந்த வாசகம் ஒரே மாதிரிதான். பயிற்சி முடிந்தபின் அவன் நிரந்தரப் பணிக்கு 'மே பி கன்சிடர்ட்' என்று எழுதியிருந்தது. வீட்டில் படித்துக் காட்டினான். அப்பா, "என்னப்பா போட்டிருக்கு?" என்றார். "முடிஞ்ச பிறகு பர்மனென்ட் பண்ணலாம்னு போட்டிருக்கு" என்றான். அவர் முகம் மலர்ந்தது. அன்றைக்கே இரண்டு பேரிடம் சொல்லியும் விட்டார்.

அவர் பிழை செய்யவில்லை. தமிழின் 'லாம்' மூன்று வேலை செய்கிறது. 'நாளைக்கு மழை வரலாம்' என்றால் சாத்தியம். 'வா, போகலாம்' என்றால் அழைப்பு. 'உள்ளே வரலாமா?' 'வரலாம்' என்றால் அனுமதி. எது எங்கே என்பதைச் சொல்பவர் யார் என்பதைக் கொண்டு அறிகிறோம். அதிகாரத்தில் இருப்பவர் 'செய்யலாம்' என்றால், தமிழ் மனம் அதை இசைவு என்றே கேட்கும். 'லீவு எடுத்துக்கலாமா சார்?' என்ற கேள்விக்கு 'எடுத்துக்கலாம்' என்று வந்த பதிலை எவரும் சாத்தியக் கணிப்பாகக் கேட்பதில்லை. கம்பெனியே 'பண்ணலாம்' என்று முத்திரையிட்டு எழுதிக் கொடுத்திருக்கிறது என்றால், தகப்பனார் வேறென்ன நினைப்பார்? ஆங்கிலக் கடிதத்தின் 'மே' அங்கே சாத்தியத்தைக்கூடச் சொல்லவில்லை. விருப்பமிருந்தால் யோசிப்போம், இல்லாவிட்டால் இல்லை என்று உரிமையைத் தன் பக்கம் வைத்துக்கொள்ளும் சொல் அது. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, பயிற்சி முடித்தவருக்கு வேலை கொடுப்பது முதலாளியின் கட்டாயமன்று என்றே தொடங்கியது. 2014 திருத்தத்துக்குப் பின் அவரவர் தத்தம் கொள்கையை வகுத்துக்கொள்ளட்டும் என்றாயிற்று. சட்டமே 'கட்டாயம்' என்ற சொல்லைக் கையில் எடுக்காத இடத்தில் நிறுவனத்தின் கடிதம் எடுக்காததில் வியப்பில்லை.

எங்களுக்குக் கசப்பது இந்த ஏற்பாட்டின் அமைப்புத்தான். இயந்திரம் ஓடுமா நிற்குமா என்பது தன் கையில் இல்லாத பையனிடம் 'டெஃபனிட்லி' எதிர்பார்க்கப்படுகிறது. அவனை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்பது முழுக்கத் தன் கையில் இருக்கும் நிறுவனம் 'மே' என்று மட்டும் சொல்கிறது. ஐயம் கொள்ளும் உரிமை மேலே இருப்பவர்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. கீழே இருப்பவன் உறுதி கொடுக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டதை இந்த ஊர்கள் பார்த்திருக்கின்றன. ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்த இடம். எட்டே ஆண்டுகள். அங்கே சேர்ந்த நாளில் 'இது நிரந்தரமா?' என்று கேட்டிருந்தால் எவரும் உண்மையாகச் சொல்லியிருக்கக்கூடிய விடையில் 'டெஃபனிட்லி' இருந்திருக்க முடியாது.

சிலர் சொல்வார்கள்: ஆறு வார வகுப்பில் இதையெல்லாமா நடத்துவது? நடத்தலாம். (இது அனுமதி அன்று, சாத்தியம்.) ஒரு மாலைப்பொழுது போதும். அந்தப் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு, பிள்ளைகளைத் தமிழில் ஊகிக்கச் சொல்லுங்கள். கம்பெனிப் பேருந்து இன்னும் வரவில்லை, ஏன்? 'டயர் பஞ்சராகியிருக்கும்', 'சுங்குவார்சத்திரத்துல ட்ராஃபிக் போலிருக்கு', 'இன்னிக்கு வராமலேகூட போகலாம்', 'அஞ்சு நிமிஷத்துல வந்துரும்'. ஒவ்வொன்றிலும் எத்தனை நம்பிக்கை, எதனால் அந்த நம்பிக்கை என்று கேளுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். 'ஆகியிருக்கும்' என்பதற்கு வினையடை வேண்டாம், 'மஸ்ட் ஹாவ்' போதும் என்பதைக் கண்டுகொள்வார்கள். 'வந்துரும்' என்பதற்கு 'ப்ராபப்ளி' வேண்டும், அது 'வில்'லுக்குப் பின்னால் அமரும், 'வோன்ட்' என்றால் முன்னால் போய்விடும் என்பதையும் கண்டுகொள்வார்கள். 'மேபி' வாக்கியத்தின் தலையில் நிற்க விரும்பும் சொல் என்பது ஐந்து வாக்கியங்களுக்குள் விளங்கிவிடும். அதற்குப் பிறகு நேர்முகத் தேர்வில், 'இந்த இயந்திரத்தை இயக்குவாயா?' என்ற கேள்விக்கு, 'இதே வகையில் பழையதை இயக்கியிருக்கிறேன், இதற்கு அநேகமாக ஒரு வாரம் பழக வேண்டியிருக்கும்' என்று ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்த பையன், பலகை அதிரக் கத்திய முப்பத்தொன்பது பேரிடமிருந்து தனித்துத் தெரிவான். அவனை எடுப்பார்களா என்று எங்களைக் கேட்காதீர்கள். எடுத்தாலும் எடுப்பார்கள்.

காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலுக்கு இங்கிருந்து ஒரு பொழுதில் போய்த் திரும்பிவிடலாம். எதைச் சொன்னாலும் 'ஸ்யாத்' என்று முன்னொட்டு வைத்து, ஒரு நோக்கில் இது இப்படி என்று ஏழு வகையாகப் பேசிய தத்துவம் வேரூன்றியிருந்த வட்டாரம் இது. அந்தச் சொல்லை வெறும் 'மேபி' என்று மொழிபெயர்ப்பதைச் சமண அறிஞர்கள் ஒப்புவதில்லை. அது தயக்கமன்று, தான் நிற்கும் இடத்தைச் சொல்லிவிட்டுப் பேசும் நேர்மை என்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இதைச் சொல்லத் தோன்றியது. கடைசி வரிசையில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்ததால் சொல்லவில்லை.

போன மாதம் அந்தப் பையன் தொலைபேசியில் பேசினான். பயிற்சிக் காலம் முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. "என்னடா, பர்மனென்ட் ஆயிருமா?" என்று அவன் மாமா கேட்டார். சற்று நேரம் பதிலில்லை. பிறகு, "ஆகலாம் மாமா" என்றான். எந்த 'லாம்' என்று மாமாவும் கேட்கவில்லை.